குசினியையும் வீட்டோடு எண்ணுவோம்

இடம்பெயர்ந்த குடும்பமொன்றுக்கு என்னென்ன தேவை என்று கேட்டால் எவரும் விரல் மடித்துச் சொல்லத் தொடங்கிவிடுவர். இருக்க ஓர் இடம், உண்ண உணவு, குடிக்க நல்ல தண்ணீர், மலசலகூடம், பிள்ளைகளுக்குப் பாடசாலை, பயிர் செய்ய ஒரு துண்டுக் காணி. இந்தப் பட்டியலில் சமைக்கும் இடம் வருவதில்லை. வந்தாலும் கடைசியிலேதான் வருகின்றது. அரிசியும் மாவும் பருப்பும் நிவாரணமாகக் கிடைத்தால் அவற்றை எங்கே வைத்து, எதை எரித்துச் சமைப்பது என்பதை அந்தந்த வீட்டுப் பெண்ணே பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரும் விட்டுவிடுகின்றோம். அவளும் பார்த்துக்கொள்கின்றாள். மூன்று கல்லைக் கூட்டி, கொட்டிலின் ஒரு மூலையிலே அடுப்பை மூட்டிவிடுகின்றாள். அதன் விலையை அவளுடைய நெஞ்சும், அவள் இடுப்பிலே இருக்கும் பிள்ளையின் நெஞ்சும் கொடுக்கின்றன.

சமைப்பதற்குப் புறம்பான ஓர் இடமும், புகை வெளியேற ஒரு வழியும் இல்லாத கொட்டிலை முழுமையான உறைவிடம் என்று நாம் ஏற்றுக்கொள்ளலாகாது. இது வசதிக்காகக் கேட்கும் காரியமன்று. தண்ணீரையும் மலசலகூடத்தையும் போல உயிரோடு சம்பந்தப்பட்ட காரியம்.

ஊரில் இருந்த குசினி

எமது ஊர்களில் குசினி பெரும்பாலும் வீட்டோடு ஒட்டியிருக்கவில்லை. முற்றத்தைத் தாண்டியோ, வீட்டின் பின்புறத்திலோ அது தனியாக இருந்தது. மண் சுவர் அரைவாசி உயரத்துக்கு எழும்பும். அதன்மேல் மட்டை வரிச்சோ வெறும் இடைவெளியோ இருக்கும். கூரை கிடுகினாலோ பனையோலையினாலோ வேயப்பட்டிருக்கும். ஓலைக் கூரை மழையைத் தடுத்தாலும் புகையை அடைத்து வைக்காது. அது மெல்லக் கசிந்து வெளியேறிவிடும். கல்வீடு கட்டியவர்கள் புகைக்கூடு வைத்துக் கட்டினார்கள். குசினியைத் தென்கிழக்கு மூலையில் வைக்கவேண்டும், அது அக்கினி மூலை என்று பெரியவர்கள் சொன்னார்கள். சாத்திரம் எதுவாயினும் அதிலே ஒரு நன்மை இருந்தது. சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். மாரியில் வாடை வடக்கிலும் வடகிழக்கிலுமிருந்து வரும். இவற்றுள் எந்தக் காற்று வீசினாலும் தென்கிழக்கு மூலையிலுள்ள அடுப்பின் புகை படுக்கும் வீட்டுக்குள் வராது.

இடப்பெயர்வு இந்த ஒழுங்கு முழுவதையும் குலைத்துவிட்டது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்தில் நெருக்கமான கிடுகுக் கொட்டில்களில் வாழத் தொடங்கின. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது ஒரே வீட்டிலே பல குடும்பங்கள் ஒதுங்கின. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் தறப்பாளின் கீழ் இருந்தனர். அந்த முகாம் 2012இல் மூடப்பட்டது. ஆனால் தறப்பாளும் தகரமும் எம்மை விட்டுப் போகவில்லை. திரும்பிப் போன காணியிலும், உறவினரின் வளவிலும், அரைகுறையாக நிற்கும் வீட்டுக்குப் பக்கத்திலும் தகரக் கொட்டில்கள் நிற்கின்றன. தறப்பாளும் தகரமும் ஓலையைப் போலல்ல. அவை மழையைப் போலவே புகையையும் தடுத்துவிடும். உள்ளே எரிந்த புகை உள்ளேயே நிற்கும். ஒரே அறையிலே சமையல், சாப்பாடு, படுக்கை, பிள்ளையின் படிப்பு எல்லாம் நடக்கும்போது அந்தப் புகைக்குள்ளேதான் குடும்பம் முழுவதும் வாழ்கின்றது.

புகையில் இருப்பது என்ன?

கண்ணுக்குத் தெரியும் கரி சுவரிலும் சட்டியிலும் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத தூசுதான் கூடிய கேடு செய்வது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு ஒரு மைக்குரோன். விறகுப் புகையின் பெரும்பகுதி 2.5 மைக்குரோனுக்கும் குறைந்த துணிக்கைகளால் ஆனது. எமது தலைமயிர் ஒன்றின் தடிப்பில் அது முப்பதில் ஒரு பங்கு அளவுதான். இத்தனை சிறிய தூசை மூக்கு மயிர் தடுக்காது, இருமலும் வெளியேற்றாது. அது சுவாசப்பையின் அடிவரை சென்று அங்கே தங்கிப் புண்ணாக்குகின்றது. நோய்க் கிருமியைத் தடுக்கும் சக்தியையும் குறைத்துவிடுகின்றது. காற்றோட்டமற்ற குசினியில் இந்தத் தூசு ஏற்கத்தக்க அளவைப்போல நூறு மடங்குவரை இருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

அத்தோடு காபனோரொட்சைட்டு என்னும் நிறமும் மணமும் அற்ற வாயுவும் வருகின்றது. அது இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கர்ப்பிணித் தாய் புகைக்குள் நிற்கும்போது வயிற்றிலுள்ள பிள்ளைக்குப் போகும் ஒட்சிசன் குறைகின்றது. பிள்ளை நிறை குறைந்து பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மழைக் குளிருக்கு அஞ்சி, தணலோடு கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பது இதிலும் ஆபத்தானது. தணலிலே புகை தெரியாது, ஆனால் இந்த வாயு வந்துகொண்டே இருக்கும். உறக்கத்திலேயே உயிர் போய்விடும்.

வீடுகளில் எரிக்கும் எரிபொருளின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தனர் என்றும், அவர்களுள் இரண்டு இலட்சத்து முப்பத்தேழாயிரம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்றும் அதே நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இது எங்கோ நடக்கும் கதையல்ல. 2012 குடிசன மதிப்பீட்டின்போது எமது நாட்டு வீடுகளில் நாலில் மூன்று பங்குக்கும் அதிகமானவை விறகிலேயே சமைத்தன.

பிள்ளைக்குச் சளிச்சுரம் வருவது, அது நெஞ்சுச் சளியாகி நியுமோனியாவில் முடிவது, பெரியவர்களுக்கு முட்டும் தொய்வும் கூடுவது, சுருட்டோ பீடியோ வாயில் வைத்தறியாத கிழவி படியேற முடியாமல் மூச்சு வாங்குவது, கண்ணிலே வெண்புரை விழுவது ஆகியவற்றில் புகைக்குப் பங்குண்டு. "பனியால் வந்த சளி", "வயதுபோனால் இருமல் வரும்தானே" என்று நாம் சொல்லிவிடுகின்றோம். அப்படிச் சொல்லி முடிப்பதால் அடுப்பைப்பற்றி யாரும் கேட்பதில்லை.

சமைப்பவளுக்கே பெரும்பங்கு புகை. அடுத்தது அவளோடு ஒட்டியிருக்கும் கைக்குழந்தைக்கு. குழந்தையின் சுவாசப்பை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றது. அது பெரியவர்களைவிட வேகமாக மூச்செடுப்பதால் தன் நிறைக்கு மிஞ்சிய புகையை உள்ளே இழுக்கின்றது. புகைக்குள் அதிகம் நில்லாதவர் ஆண்கள். கொட்டில் எங்கே போடுவது, கூரைக்கு என்ன போடுவது என்று தீர்மானிப்பவரும் பெரும்பாலும் ஆண்களே. இந்தப் பொருத்தமின்மையைப் பற்றி ஆண்கள் யோசிக்கவேண்டும்.

புகையும் நல்லதுதானே?

"எங்கள் அம்மம்மா புகைக்குள்ளே நின்று எண்பது வயதுவரை வாழ்ந்தாவே" என்பது ஒரு கேள்வி. அந்த அம்மம்மா சமைத்த குசினி தனியாக, அரைச் சுவரோடு, ஓலைக் கூரையின் கீழ் இருந்தது என்பதை நினைக்கவேண்டும். அவவுக்குப் பிறந்து ஐந்து வயதுக்குள் போன பிள்ளைகளையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

"புகை கூரையைக் கறையானிலிருந்து காக்கின்றது, அடுப்புக்கு மேலே கட்டிய விதைச் சோளம் பூச்சியில்லாமல் இருக்கின்றது, நுளம்பும் வராது" என்பது இன்னொரு கேள்வி. இதில் உண்மை உண்டு. விதையைப் புகையில் காப்பது எமது கமக்காரரின் பழைய அறிவு, அதைக் கைவிடச் சொல்லவில்லை. விதைச் சோளத்தை அடுப்புக்கு மேலே கட்டுங்கள், பிள்ளையின் ஏணையை அங்கே கட்டாதீர்கள். நுளம்புக்கு வலை இருக்கின்றது. நுளம்புச் சுருள் ஒன்று எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்தூசு 75 முதல் 137 சிகரட்டுகளின் அளவுக்குச் சமம் என 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூடிய கொட்டிலுக்குள் இரவு முழுவதும் சுருளைக் கொளுத்துவதைவிடக் கிழிசலைத் தைத்த பழைய வலை மேல். முழுகவார்த்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை பிடிக்கும் வழக்கத்துக்கும் இதே சொல்தான். பச்சைக் குழந்தையின் மூக்குக்கு அந்தப் புகை வேண்டாம்.

அடுப்பை மாற்றினால் போதுமா?

எரிவாயு விறகைவிட மிகச் சுத்தமானது. வசதியுள்ளவர்கள் அதைப் பாவிப்பது நல்லது. ஆனால் 2021 ஒக்ரோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ வாயு, 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவானது. காசு கொடுத்தும் கிடைக்காமல் வரிசையில் நின்றவர்கள் பலர். நகரத்து வீடுகளும் விறகுக்குத் திரும்பின. கூலிக்குப் போகும் குடும்பம் வாயுவை மட்டும் நம்பியிருக்க முடியாது. மண்ணெண்ணெயும் நல்ல மாற்று அன்று. அதன் புகையும் கேடானது என்பதால் வீடுகளில் அதைப் பாவிப்பதைத் தவிர்க்குமாறு 2014இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கிலே படித்த தலைமுறைக்கு அந்தக் கரி மூக்கிலே ஏறியது நினைவிருக்கும்.

எமது நாட்டிலேயே 1980களில் உருவாக்கப்பட்ட அனகி அடுப்பு இருக்கின்றது. ஒரே மண் துண்டாகச் சுட்டு எடுத்த, இரண்டு பானை வைக்கக்கூடிய அடுப்பு அது. முன்னே ஒரு வாய், அதில் எரியும் நெருப்பே இரண்டாவது பானைக்கும் போகும். சுற்றிவர மண் பூசி வைத்தால் சூடு வெளியே வீணாகாது. மூன்று கல் அடுப்பைவிட விறகு நன்றாக மிஞ்சும். விறகு குறைந்தால் புகையும் குறையும், காட்டுக் கரையில் விறகு பொறுக்கும் நேரமும் குறையும். ஆயினும் அனகி அடுப்புக்குப் புகைக்கூடு கிடையாது. அதை மூடிய கொட்டிலுக்குள் வைத்தால் மிஞ்சிய புகை உள்ளேதான் நிற்கும்.

இதைப்பற்றி வெளிநாடுகளில் செய்த இரண்டு ஆய்வுகள் எமக்குப் பாடமாகின்றன. குவாத்தமாலா நாட்டு மலைக் கிராமங்களில் 2002 முதல் 2004 வரை ஒரு பகுதி வீடுகளுக்குப் புகைக்கூடு வைத்த அடுப்புக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டுக் குழந்தைகள் சுவாசித்த புகை பாதியாகக் குறைந்தது. கடுமையான நியுமோனியா மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்தது. மலாவி நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. அங்கே கொடுக்கப்பட்டது விறகைத் திறமாக எரிக்கும் நல்ல அடுப்பு. ஆனால் நியுமோனியா குறையவில்லை. குப்பை எரிக்கும் புகை, புகையிலைப் புகை என்று வேறு வழிகளில் புகை வந்துகொண்டே இருந்தது ஒரு காரணமாகலாம் என ஆய்வு செய்தவர்கள் கருதினர்.

அடுப்பு ஒன்றை இலவசமாகக் கொடுத்துப் படமும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் உதவியாளர்களுக்கு இது ஒரு பதில். நல்ல அடுப்பு வேண்டும், காய்ந்த விறகு வேண்டும், புகைக்கு வழி வேண்டும், பிள்ளை தூரத்தில் இருக்கவேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் பலன்.

கைக்காசு அதிகம் இல்லாமல் செய்யக்கூடியவை

முதலாவது, அடுப்பைப் படுக்கும் கொட்டிலிலிருந்து பிரியுங்கள். நான்கு கம்பும் பத்துக் கிடுகும் போதும். இடமிருந்தால் தென்கிழக்குப் பக்கத்தில் போடுங்கள். இரண்டு பக்கமாவது திறந்திருக்கட்டும். தறப்பாள் கூடாரத்துக்குள் ஒருபோதும் அடுப்பு மூட்டவேண்டாம். புகையோடு தீ விபத்தும் அங்கே காத்திருக்கின்றது.

இரண்டாவது, பிரிக்க இடமே இல்லையென்றால் கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடுப்புக்கு நேர்மேலே முகட்டைத் திறந்து, மழை விழாதபடி அதற்கு மேல் ஒரு சிறு தகரத் தொப்பி வையுங்கள். சூடான புகை மேலே எழும், அதற்கு வழி விட்டால் தானாகவே போய்விடும். அடுப்பை இடுப்பளவு உயரமான மண் திட்டிலே வைத்தால் குனிந்து புகைக்குள் முகம் கொடுக்கத் தேவையில்லை. தவழும் பிள்ளை நெருப்பைத் தொடவும் மாட்டாது.

மூன்றாவது, விறகைக் காயவிடுங்கள். பச்சை மரத்தின் நிறையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீர் கொதித்துப் போகும்வரை அடுப்பு புகைந்துகொண்டுதான் இருக்கும். கோடையிலேயே மாரிக்கு விறகு சேர்த்து, சிறிதாகக் கொத்தி, நிலத்தில் படாமல் அடுக்கி, மேலே மூடி வையுங்கள். ஊமலும் சிரட்டையும் காய்ந்த பனை மட்டையும் நன்றாக எரியும். அடுப்பு மூட்டச் சொப்பின் பையையும் பிளாஸ்ரிக் போத்தலையும் ரயர்த் துண்டையும் போடவேண்டாம். அவற்றின் புகை விறகுப் புகையைவிடக் கொடியது. காவோலையும் பன்னாடையும் அந்த வேலையைச் செய்யும்.

நான்காவது, எரிக்கும் நேரத்தைக் குறையுங்கள். பயறு, கடலை, கௌபியை இரவிலே ஊறப்போடுங்கள். பானைக்கு மூடி போடுங்கள். சோறு பாதி வெந்ததும் பானையை இறக்கி, வைக்கோல் நிரப்பிய பெட்டிக்குள்ளோ கடகத்துக்குள்ளோ வைத்து, மேலே சாக்கால் இறுக மூடினால் மிச்சம் தன் சூட்டிலேயே வெந்துவிடும். வைக்கோல் எமது வீடுகளில் விலை கொடுத்து வாங்கும் பொருளல்ல.

ஐந்தாவது, அம்மா சமைக்கும்போது பிள்ளையை வேறொருவர் தூக்குங்கள். தகப்பனோ அம்மம்மாவோ பெரிய அக்காவோ அரைமணி நேரம் வெளியே வைத்திருந்தால், காசில்லாமல் கிடைக்கும் மருந்து அது. சுருட்டுப் பிடிப்பவர்களும் கொட்டிலுக்கு வெளியே போய்ப் பிடிக்கட்டும்.

மூச்சை எண்ணப் பழகுவோம்

புகையைக் குறைத்தாலும் நோய் வரலாம். சாதாரணத் தடிமலையும் நியுமோனியாவையும் வேறுபடுத்தி அறிய ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது பழகவேண்டும். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போகவேண்டும். மூச்செடுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுபட்டால், பிள்ளை பால் குடிக்காவிட்டால், எல்லாவற்றையும் வாந்தியெடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் மயங்கிக் கிடந்தால் ஒரு நாழிகையும் தாமதிக்கவேண்டாம். நாட்டு வெட்டு முடியட்டும், கூலி கைக்கு வரட்டும் என்று பார்த்திருக்க இது நேரமல்ல.

பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால், "அடுப்புப் புகைதான்" என்று நாமே முடிவு செய்யாமல் சளியைப் பரிசோதிக்கவேண்டும். காசநோயாக இருந்தால் அதற்கு அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாக மருந்துண்டு, முழுமையாக எடுத்தால் சுகமும் உண்டு.

நாம் கேட்கவேண்டியது

வீட்டுக்குள்ளே செய்யக்கூடியவற்றை மேலே சொன்னோம். ஆனால் எல்லாப் பாரத்தையும் இடம்பெயர்ந்த பெண்ணின் தலையிலே வைத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கலாகாது. பத்தடிக்கு ஒரு கொட்டில் என்று நெருக்கிப் போட்ட இடத்தில் அவளால் அடுப்பை எங்கே கொண்டுபோய் வைக்க முடியும்? வீட்டுத் திட்டக் காசு சுவரோடு முடிந்தால் குசினிக்கு எதை விற்பது? தகரம் தருபவர்கள் அத்தோடு ஒரு குசினிக்கான கம்பும் கிடுகும் தருவது பெரிய செலவல்ல. கொட்டில்களுக்கு இடையே அடுப்புக்கென ஓர் ஒதுக்கிடம் விடுவதும், உலர் உணவோடு எரிபொருளையும் கணக்கிடுவதும், அடுப்புச் செய்யத் தெரிந்த குயவருக்கு வேலை கொடுப்பதும் திட்டம் போடும் நேரத்திலே யோசிக்கவேண்டியவை. கொட்டில் போட்டபின் யோசித்துப் பயனில்லை.

ஆகவே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுக்கட்டும். எத்தனை வீட்டில் படுக்கும் அறைக்குள்ளே அடுப்பு எரிகின்றது, அவற்றுள் எத்தனை வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கின்றது என்று எண்ணி ஒரு கொப்பியில் எழுதுங்கள். மருத்துவமாதையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழைத்துக் காட்டுங்கள். அந்தக் கணக்கைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுங்கள். வெறுங்கையோடு போய்க் குறை சொல்வதைவிடக் கணக்கோடு போய்க் கேட்பதற்கு மதிப்பு அதிகம். பதில் வரும்வரை காத்திராமல், கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு முதலிலே சிரமதானமாக ஒரு குசினிக் கொட்டில் போட்டுக் கொடுக்கலாம். ஒரு சனிக்கிழமைக் காலையில் நான்கு பேர் சேர்ந்தால் ஒன்றை முடித்துவிடலாம்.

காணி எப்போது முழுமையாகக் கைக்கு வரும், நிரந்தர வீடு எப்போது எழும் என்பது எம் கையில் மட்டும் இல்லை. அதுவரையில் பிள்ளைகள் மூச்சு விடவேண்டும். அடுத்த கொட்டிலுக்குக் கம்பு நடும்போது குசினிக்கும் சேர்த்தே நடுவோம்.